ஸ்டியரிங் திடீரென்று கனக்கிறது, கூடவே பேட்டரி விளக்கும் எரிகிறது: எதை முதலில் பார்ப்பது?

ஸ்டியரிங் விளக்கு, பேட்டரி விளக்கு இரண்டும் சேர்ந்து எரிந்தால், ஸ்டியரிங்கைத் திருப்ப உதவும் மின்சார மோட்டாரை விட்டுவிட்டு முதலில் சார்ஜிங்கைப் பாருங்கள். வண்டியை நிறுத்தும்போது ஸ்டியரிங்கை ஒடித்தால் அந்த மோட்டார் பல பத்து ஆம்பியர் இழுக்கும், வோல்டேஜ் இறங்கினால் அதை இயக்கும் மின்னணுப் பெட்டியான கன்ட்ரோல் யூனிட் உதவியைக் குறைத்து அப்புறம் நிறுத்தியே விடும். சக்கரத்தோடு இணைப்பு அப்படியே இருக்கும், திருப்பத்தான் பலம் வேண்டும்.

ஒரு மல்டிமீட்டர் போதும். இஞ்சின் அணைத்துச் சில மணி நேரம் கழித்து பேட்டரியில் சுமார் 12.6, ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். ஓடும்போதும் வோல்டேஜ் அந்த அளவுக்கு ஏறவில்லையா? பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சரியாக இருந்தால், இஞ்சின் ஓடும்போதே ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டுவிட்டு மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் தடித்த வயர் போல்ட்டிலும் மறுமுனையை பேட்டரி பாசிட்டிவிலும் வையுங்கள், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஆல்டர்னேட்டர் மேல் பழி போடாதீர்கள், வயரிலோ ஃப்யூஸிலோதான் கோளாறு. எர்த் வயரையும் இதே மாதிரி சோதியுங்கள், பச்சை பூத்த டெர்மினல் பலரை ஏமாற்றியிருக்கிறது.

இஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய வித்தை மட்டும் வேண்டாம், கன்ட்ரோல் யூனிட்டே போய்விடலாம்.

வோல்டேஜ் சரியாக இருந்தும் ஸ்டியரிங் விளக்கு அணையவில்லை என்றால்தான் கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் போட்டு, திருப்பும் விசையை அளக்கும் டார்க் சென்சார், மோட்டார் பக்கம் போக வேண்டும்.