முன்பணம் யாருடைய பணம்?

அன்புள்ள ஐயா,

திருச்சி உறையூரில் இருக்கிறேன். அப்பா இறந்தபின் கீழ்வீடும் மாடிப் போர்ஷனும் எனக்கு வந்தன. சென்ற ஆவணியில் மாடியை முதன்முதலாக வாடகைக்கு விட்டேன். வாடகை 8,500, அட்வான்ஸ் 50,000. கணவன், மனைவி, நான்கு வயதுப் பெண் குழந்தை. ஒரு மாதம்கூட வாடகை தவறியதில்லை. இப்போது அவருக்கு ஓசூருக்கு மாற்றலாகிவிட்டது, ஆனி கடைசியில் காலி செய்கிறார்கள்.

அட்வான்ஸில் மாடிப்படிக்கு இரும்புக் கதவு போட்டேன், மோட்டார் மாற்றினேன். கையில் 15,000தான் இருக்கிறது. ஆடியில் யாரும் குடிவர மாட்டார்கள். "வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள், மீதியை ஆவணியில் ஆள் வந்ததும் தருகிறேன் என்று சொல்" என்கிறார் பக்கத்து வீட்டு அத்தை. கூடத்துச் சுவரெல்லாம் குழந்தை கிரேயானால் கிறுக்கியிருக்கிறாள். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. மின்சாரத்துக்கு ஒரே இணைப்பு. சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறேன், தெருவில் எல்லோரும் அப்படித்தான் வாங்குகிறார்கள். அடுத்த தடவை நம் ஆட்களாகப் பார்த்து வைக்கச் சொல்கிறார்கள். நான் எவ்வளவு கறாராக இருக்க வேண்டும்?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

"கையில் 15,000தான் இருக்கிறது" என்ற வரியை மூன்று முறை படித்தேன். சுவர், குழாய், வெள்ளையடிப்பு எல்லாம் அந்த வரிக்குப் பின்னால்தான் வருகின்றன. 50,000 ரூபாயும் அப்படியே வங்கியில் இருந்திருந்தால் கிரேயான் கிறுக்கலை நீங்கள் எனக்கு எழுதியிருக்கவே மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

நான் சென்னையில் 19 ஆண்டுகள் வாடகை வீடுகளில் இருந்தவன். மேற்கு மாம்பலத்தில் ஒரு வீட்டைக் காலி செய்த காலை இன்னும் கண்ணில் இருக்கிறது. சாமான் வண்டியில் ஏறிவிட்டது. அம்மிக்கல்லை மட்டும் கடைசியாக ஏற்ற வைத்திருந்தோம். வீட்டுக்காரர் ஒரு கையில் டார்ச் விளக்கும் மறு கையில் சாக்பீஸுமாக வந்தார். காலண்டர் மாட்டிய ஆணி, சாமி படம் மாட்டிய ஆணி, கொசுவலைக்கு அடித்த நான்கு ஆணிகள் என்று ஒவ்வோர் ஓட்டையைச் சுற்றியும் வட்டம் போட்டார். மொத்தம் 14 வட்டங்கள். ஓட்டைக்கு நூறு ரூபாய். என் மனைவி வாசற்படியில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் அந்த வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவரை ஆறு வருடம் அவர்கள் வீட்டுக் கொலுவுக்குச் சுண்டல் செய்து கொடுத்தவள் அவள். பாதிப் பணம்தான் அன்று கிடைத்தது. மீதிக்கு இரண்டு மாதம் நடந்தேன்.

அவர் கெட்டவர் இல்லை. எங்கள் அட்வான்ஸை மகள் கல்யாணத்தில் செலவழித்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. பணம் இல்லை என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சம். அந்தக் கூச்சம்தான் சாக்பீஸ் எடுத்தது. பக்கத்து வீட்டு அத்தை இப்போது உங்கள் கையில் கொடுக்கப் பார்ப்பதும் அதே சாக்பீஸைத்தான்.

ஆகவே முதலில் பணம். இன்று மாலையே மாடிக்குப் போய் அவர்களிடம், "காலி செய்யும் அன்று முழுத் தொகையையும் தருகிறேன்" என்று சொல்லுங்கள். 35,000 குறைகிறது, ஆனி முடிய நாள் இருக்கிறது. நகை இருந்தால் வங்கியில் நகைக்கடன் வாங்குங்கள், ஆவணியில் மீட்டுக்கொள்ளலாம். இந்த வட்டியை வீடு நடத்தும் செலவாக எண்ணிக்கொள்ளுங்கள். அவர்கள் ஓசூரில் வீடு பார்த்து, அங்கே அட்வான்ஸ் கட்டி, லாரிக்குக் கொடுத்து, குழந்தைக்குப் பள்ளிக் கட்டணமும் கட்ட வேண்டும். உங்களிடம் இருக்கும் 50,000-ஐ நம்பித்தான் அந்தக் கணக்கைப் போட்டிருப்பார்கள்.

சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2017-இல் புதுச் சட்டம் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வேறுவிதமாக ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டால் ஒழிய, முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் மட்டும் கழித்துக்கொண்டு, திருப்பித் தர வேண்டும். நீங்கள் வாங்கியது ஏறக்குறைய ஆறு மாத வாடகை. அடுத்தவரிடம் 25,500 வாங்குங்கள், அதைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு அந்தக் கணக்கின் ஏ.டி.எம். அட்டையைப் பீரோவில் பூட்டி வையுங்கள். சிறிய தொகையாக இருந்தால் எடுக்கவும் மனம் வராது, திருப்பவும் சுலபம்.

இனி சுவர். யார் எந்தப் பழுதைப் பார்க்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் அட்டவணையிலேயே பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய்க்கு வாஷர் மாற்றுவது, சுவிட்ச், பூட்டு போன்ற சில்லறை வேலைகள் குடியிருப்பவர் பொறுப்பு. அட்டவணைப்படி அந்தச் சமையலறைக் குழாய் அவர்களுடையது என்றாலும், வாஷர் சில ரூபாய்ப் பொருள், அதற்காக அட்வான்ஸில் கை வைப்பது அழகில்லை. பிளம்பரை அழைத்து மாற்றிவிடுங்கள். நான்கு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் சுவர் அப்படித்தான் இருக்கும். கழுவினாலும் தாங்கும் பெயிண்டாக இருந்தால் சோப்பு நீரும் பழந்துணியும் போதும். இல்லையென்றால் எப்படியும் ஆவணிக்கு முன் நீங்கள் அடிக்கப்போகும் பூச்சு அதை மூடிவிடும். வாடகை பாக்கி, மின்கட்டணப் பாக்கி, உடைந்த வாஷ்பேசின் போன்ற தெரிந்த சேதம் இவற்றுக்குத்தான் பிடிக்கலாம். மனிதர்கள் வாழ்ந்ததற்காகப் பிடிக்கக் கூடாது. அதற்குத்தான் மாதம் 8,500 வாங்கினீர்கள்.

யூனிட்டுக்கு 9 ரூபாய் என்பதை நீங்கள் கணக்குப் பார்க்காமல் வாங்குகிறீர்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் முதலில் குறிப்பிட்ட யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை, அதன்பின் பயன்பாடு கூடக் கூட விலை படிப்படியாக ஏறும். ஒரே இணைப்பில் இரண்டு குடும்பம் இருந்தால் இருவர் யூனிட்டும் சேர்ந்து மேல்படிக்கு ஏறுகிறது, இலவச யூனிட்டும் ஒரு வீட்டுக்கு உரியதுதான் கிடைக்கும். பழைய பில்களை எடுத்துவைத்து ஒருமுறை உட்காருங்கள். ஒரு பில்லில் மொத்தம் 300 யூனிட், மாடியில் 180 என்றால், வந்த தொகையில் ஐந்தில் மூன்று பங்கு அவர்களுடையது. அதற்குமேல் வாங்கியிருந்தால் அந்த வித்தியாசத்தை ஒரு தாளில் எழுதி, அட்வான்ஸோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். தெருவில் எல்லோரும் வாங்குகிறார்கள் என்பதால் அது உங்கள் பணமாகிவிடாது. தனி வாசலும் தனிச் சமையலறையும் இருப்பதால் மாடிக்குத் தனி இணைப்புக் கேட்டு விண்ணப்பியுங்கள். மின்சாரப் பேச்சே அத்தோடு முடிந்துவிடும்.

"நம் ஆட்களாகப் பார்த்து" என்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் எனக்குக் கோபம் வருகிறது. சென்னையில் வீடு தேடி அலைந்த காலத்தில் என் பெயரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, அப்புறம் "வீடு முடிந்துவிட்டதே" என்று சொன்ன வாசல்களை நான் மறக்கவில்லை. பலகை மட்டும் அடுத்த வாரமும் தொங்கிக்கொண்டிருக்கும். உங்கள் வாசலில் யாரையும் அப்படி நிறுத்தாதீர்கள். என்ன வேலை, எத்தனை பேர், முன்பு எங்கே இருந்தார்கள் என்று கேளுங்கள். விசாரிக்கும்போது இப்போதைய வீட்டுக்காரரை விட அதற்கு முந்தைய வீட்டுக்காரரிடம் பேசுங்கள். இப்போது இருப்பவர் ஆளை அனுப்பிவைக்கும் அவசரத்தில் நல்லதாகவே சொல்லக்கூடும், பழையவருக்கு அந்தத் தேவை இல்லை.

ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்து எண் வாங்குங்கள். 11 மாதத்துக்குத்தானே என்று விடாதீர்கள், இந்தச் சட்டப்படி அதற்கும் பதிவு வேண்டும். வாடகை எப்போது, எவ்வளவு ஏறும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். உள்ளே போய்ப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவிட்டுப் போங்கள். எவ்வளவு சண்டை வந்தாலும் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தாதீர்கள், அது சட்டவிரோதம். கறாரென்றால் தேதியிலும் கணக்கிலும் இருங்கள், ஒவ்வொரு மாதமும் ரசீது கொடுங்கள்.

காலி செய்யும் நாளில் மீட்டர் அளவை இருவரும் சேர்ந்து பார்த்து எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பணத்தைக் கொடுத்துவிட்டுச் சாவியை வாங்குங்கள். புதிய மின் இணைப்புக்கு வீட்டின் பத்திரமும் சொத்துவரி ரசீதும் கேட்பார்கள். வரி ரசீது இன்னும் அப்பா பெயரில் இருந்தால், வாரிசுச் சான்றிதழோடு இந்த வாரமே மாநகராட்சி அலுவலகத்துக்குப் போய்ப் பெயர் மாற்ற மனுக் கொடுத்துவிடுங்கள். ஆவணிக்கு அதிக நாள் இல்லை.