குன்சான் பழைய கடைவீதி: கேள்வி பதில்

தென்கொரியாவின் மேற்குக் கரையில் இருக்கிற துறைமுக ஊர் குன்சான். அங்குள்ள பழைய கடைகள், கட்டடங்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி (சூவோன் மாணவி): அக்கா, சியோலிலேயே ஐந்து அரண்மனைகள் இருக்கின்றன. குன்சான் வரை எதற்கு அலையணும்?

அரண்மனைகளைப் பார்த்துவிட்டே வா. ஆனால் கொரியாவில் சாதாரண ஜனங்கள் வாழ்ந்த ஊர் போன நூற்றாண்டில் என்ன பாடுபட்டது என்பதை நடந்தே பார்க்க ஆசை இருந்தால் குன்சான்தான். 1899இல் இந்தத் துறைமுகம் திறக்கப்பட்டது. பக்கத்திலேயே ஹோனாம் சமவெளி, கொரியாவின் பெரிய நெல் வயல் பூமி. ஜப்பானிய ஆட்சியில் அங்கே விளைந்த அரிசி இந்த வழியாகத்தான் கப்பலேறியது. 1908இல் கட்டிய செங்கல் சுங்க அலுவலகம், வங்கிக் கட்டடங்கள், வணிகர் வீடுகள் எல்லாம் அந்த அரிசிக்காக வந்தவை.

படகுத்துறைக்குக் கட்டாயம் போ. இங்கே கடல் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் சுமார் 6 மீட்டர் வித்தியாசம். இறங்கும்போது வெறும் சேறுதான் தெரியும். அதனால் தண்ணீரோடு சேர்ந்து ஏறி இறங்கும் மிதவைப் பாலங்களைப் போட்டார்கள். எந்த நேரத்திலும் அரிசி ஏற்றுவது நிற்கக்கூடாது என்பதுதான் கணக்கு. அந்த இரும்புப் பாலங்களைப் பார்த்தால், எவ்வளவு அவசரமாக இந்த மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள் என்பது விளங்கும்.

கேள்வி: இசொங்தாங் பேக்கரி கொரியாவிலேயே பழையது என்கிறார்களே, நிஜமா?

இன்றும் நடக்கிற பேக்கரிகளில் அதுதான் மிகப் பழையது என்று எல்லோரும் சொல்வார்கள். ஜப்பானியர் நடத்திய இசுமோயா என்ற பேக்கரி இந்த ஊரில் இருந்தது. 1945இல் விடுதலை கிடைத்து அவர்கள் கிளம்பிய பிறகு ஒரு கொரியக் குடும்பம் இசொங்தாங்கைத் தொடங்கியது. சிவப்புப் பயறு இனிப்பு வைத்த பன்னும், காய்கறி வைத்த பன்னும்தான் இங்கே பிரசித்தம். அரிசி மாவு சேர்ப்பதால் பயறு பன்னின் மேல்தோல் மெலிதாக, மெத்தென்று இருக்கும். வார இறுதியில் வரிசை தெருவுக்கே வந்துவிடும், வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள். முட்டை சாப்பிடாதவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கேள்வி (ஓய்வு பெற்ற ஆசிரியர்): வணக்கம் அம்மா. அடிமைப்படுத்தியவன் கட்டியதை ஏன் பாதுகாக்க வேண்டும்? இடித்திருக்கலாமே?

வணக்கம் ஐயா. கொரியர்களே இதை வெகுநாள் விவாதித்திருக்கிறார்கள். சியோலில் அரண்மனைக்கு முன்னால் நின்ற ஜப்பானிய ஆளுநர் தலைமையகத்தை 1995இல் இடிக்கத் தொடங்கினார்கள். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன், அரண்மனையை மறைப்பதற்கென்றே கட்டியதுபோல அது நின்றது.

குன்சானில் நடந்தது வேறு. ஊரின் மையம் வேறு பக்கம் நகர்ந்ததால் பழைய பகுதியில் இடித்துக் கட்ட யாரும் முதல் போடவில்லை. 2017இல் கப்பல் கட்டும் தளம் நின்றது, 2018இல் கார் தொழிற்சாலையும் மூடியது. மிச்சமிருந்த பழைய கட்டடங்களே ஊருக்குப் பிழைப்பாகிவிட்டன.

தொங்குக்சா கோயிலுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள் ஐயா. கொரியாவில் மிஞ்சியிருக்கிற ஒரே ஜப்பானிய பாணி பௌத்தக் கோயில் அது. கொரியக் கோயில்களில் இருக்கும் வண்ணப் பூச்சு எதுவும் கிடையாது, செங்குத்தான கருங்கூரை மட்டும். அதன் வளாகத்தில் 2012இல் ஜப்பானின் சோத்தோ என்ற ஜென் பௌத்தப் பிரிவுத் துறவிகள், அன்றைய ஆதிக்கத்துக்குத் துணைபோனதற்கு மன்னிப்புக் கேட்டுக் கல்வெட்டு வைத்தார்கள். கோயிலை இடித்திருந்தால் அந்த மன்னிப்பை எங்கே வைத்திருப்பார்கள்?

கேள்வி: படத்தில் வந்த சோவோன் போட்டோ ஸ்டுடியோ எத்தனை வருடக் கடை?

அது பழைய கடையே இல்லை. 1998இல் வெளிவந்த 'கிறிஸ்துமஸ் இன் ஆகஸ்ட்' படத்துக்காக ஒரு கார் ஷெட்டை மாற்றிப் போட்ட செட். பிறகு கலைத்துவிட்டு, ரசிகர்களுக்காகத் திரும்பக் கட்டினார்கள். போட்டோ எடுத்துக்கொள்ளலாம், தப்பில்லை.

கேள்வி: சில கடை வாசலில் 'நூறாண்டுக் கடை' என்று அரசுப் பலகை இருக்கிறதே, அதை நம்பலாமா?

2018இல் தொடங்கிய திட்டம் அது. 30 வருடத்துக்கு மேல் நடக்கிற, தரமான கடைகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறார்கள். இன்னும் நீண்ட காலம் நடக்கட்டும் என்ற எண்ணத்தில் வைத்த பெயர். 30 வருடம் குறைவுதானே என்று நினைக்காதீர்கள். 1950 முதல் 1953 வரை போர், அதன் பிறகு ஓயாத இடிப்பும் கட்டுமானமும். இதில் ஒரே கடை 30 வருடம் நிற்பதே அபூர்வம்.

ஆனால் பலகை கடையைக் காப்பாற்றாது. சியோல் உல்ஜிரோவில் 1980 முதல் நடந்த ஓபி பேர் என்ற சின்ன பீர் கடைக்கும் இந்த அங்கீகாரம் இருந்தது. கட்டட உரிமையாளருடன் வழக்கு நடந்து, 2022 ஏப்ரலில் கடையைக் கட்டாயமாகக் காலி செய்யவைத்தார்கள். கடை வாடகைதாரர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கேட்கும் உரிமையை 2018இல் ஐந்து வருடத்திலிருந்து பத்தாக உயர்த்தினார்கள். நாற்பது வருடக் கடைக்கு அது எப்படிப் போதும்? எனக்கு இதில் இன்னும் ஆறவில்லை.

கேள்வி: மதியச் சாப்பாடு எங்கே?

பின்ஹேவொன். கொரியாவில் வாழும் சீனர்கள் 1950களில் தொடங்கிய உணவகம். கீழ்த்தளத்தில் உட்கார்ந்து நிமிர்ந்தால் மாடி வராந்தா சுற்றிலும் தெரியும். அந்தக் கட்டடத்தையே 2018இல் பண்பாட்டுச் சின்னமாகப் பதிவு செய்தார்கள். காரமான ஜாம்போங் நூடுல்ஸ் சொல்லுங்கள்.

கேள்வி: சியோலிலிருந்து ஒரே நாளில் போய்வர முடியுமா?

முடியும். எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் சுமார் இரண்டரை மணி நேரம். பழைய பகுதி முழுக்க நடந்தே சுற்றலாம். இரண்டாவது நாள் கையில் இருந்தால் தேஜொன் போங்கள். போரில் வடக்கிலிருந்து தப்பி வந்தவர், தேவாலயத்தில் கிடைத்த இரண்டு மூட்டை கோதுமை மாவில் 1956இல் தொடங்கிய சொங்சிம்தாங் பேக்கரி அங்கேதான் இருக்கிறது. வேறு ஊரில் கிளை கிடையாது.