கூட்டிப் பெருக்கிய வீட்டில் டெங்கு வந்தது ஏன்?

கேள்வி: மண்டபம் அருகே கடற்கரைக் குடியிருப்பில் வசிக்கிறோம். கணவர் கடல் தொழிலுக்குப் போகிறார். ஐப்பசி மழைக்குப் பின் என் பத்து வயது மகளுக்கு டெங்கு வந்து, ராமநாதபுரத்தில் மருத்துவமனையில் சேர்த்துக் குணமானாள். தினமும் வீட்டைக் கூட்டித் துடைக்கிறேன். வாசலில் சாக்கடையும் கிடையாது. பக்கத்துத் தெருவில் கழிவுநீர் தேங்கிக் கிடந்தும் அங்கே யாருக்கும் காய்ச்சல் இல்லை. நான் வீட்டைச் சுத்தமாக வைக்காததுதான் காரணம் என்று உறவினர்கள் பேசுகிறார்கள். குழாயில் நான்கைந்து நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வருவதால் இரண்டு டிரம்மிலும் ஒரு சிமெண்ட் தொட்டியிலும் பிடித்து வைக்கிறோம். கொசு மருந்து ஊற்ற வருகிறவர்களை மாமியார் உள்ளே விடுவதில்லை. மகளுக்கு மறுபடியும் டெங்கு வருமா? ஆறு வயதுச் சின்னவளுக்கும் ஆபத்து உண்டா?

பதில்: உங்கள் உறவினர்கள் சொல்வதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. கழிவுநீரில் பெருகுவது கியூலெக்ஸ் வகைக் கொசு. இரவில் கடிக்கும், யானைக்கால் நோயைப் பரப்பும், ஆனால் டெங்குவைப் பரப்பாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு மனிதர் வசிக்கும் இடத்தை ஒட்டி, பாத்திரங்களிலும் தொட்டிகளிலும் தேங்கும் தெளிந்த நீரையே பெரும்பாலும் நாடுகிறது. ஊருணியும் கண்மாயும் நிரம்பிக் கிடந்தாலும் அங்கே அது பெருகுவதில்லை. உங்கள் சமையலறைக்குப் பக்கத்து டிரம் அதற்குப் போதும். உப்புத் தண்ணீர் நிறைந்த கடற்கரையில் கொசு பெருகாது என்ற நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். நமக்கு எதிர்க்கரையான யாழ்ப்பாணத்தில், கடல்நீரைவிட உப்புக் குறைந்த உவர்நீரிலும் ஏடிஸ் புழுக்கள் வளர்வதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

ஏடிஸ் தன் முட்டைகளை நீருக்குள் இடாமல், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமாக இருக்கும் பாத்திரச் சுவரில் ஒட்டி வைக்கிறது. டிரம் காலியாகிக் காய்ந்து கிடந்தாலும் அந்த முட்டைகள் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். மறுபடி குழாயில் தண்ணீர் வந்து மட்டம் உயர்ந்ததும் பொரிந்து, நம் ஊர் வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாட்களுக்குள் கொசுவாகப் பறந்துவிடும். ஆகவே தண்ணீரைக் கொட்டிக் கவிழ்ப்பது மட்டும் போதாது. வாரத்துக்கு ஒருமுறை உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். அரைகுறையாக மூடிய தொட்டி, திறந்த தொட்டியைவிட நல்லது என்று எண்ண வேண்டாம். இடைவெளி வழியே உள்ளே நுழையும் கொசுவுக்கு அந்த இருட்டும் குளிர்ச்சியும் மிகவும் உகந்தவை. மூடி பொருந்தாவிட்டால் பழைய வேட்டித் துணியை இரட்டையாக மடித்து, நீரில் தொய்ந்து படாதபடி விறைப்பாக இழுத்துக் கயிற்றால் கட்டுங்கள்.

நீரைச் சேமிப்பதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. நிலத்தடி நீர் உவர்த்துப்போன கடலோர ஊர்களில் காவிரிக் கூட்டுக் குடிநீரையோ, குடம் இத்தனை ரூபாய் என்று வண்டியில் வருவதையோ நம்பியிருக்கும் குடும்பம் பிடித்து வைக்காமல் என்ன செய்யும்? வியட்நாமில் நடந்த, 2011-இல் வெளியான ஆய்வொன்று, குழாய் நீர் வசதியில்லாத கிராமப்புறங்களிலும் டெங்கு நகரங்களுக்கு இணையாகத் தாக்குவதைக் காட்டியது. எனவே தொட்டியில் புழு இருந்தது என்று வீட்டுக்காரருக்கு அபராதம் விதிப்பதைவிட, எந்த நாளில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும் என்பதை உறுதியாக அறிவித்து, அந்த நேரத்தில் திறந்துவிடுவது அதிகப் பயன் தரும் என்பது என் கருத்து. அடுத்த தண்ணீர் வரும் நாள் தெரிந்தவர்கள் அச்சத்தில் பத்து நாள் தேவைக்குச் சேர்க்க மாட்டார்கள்.

இனி, கொசு இருப்பதும் நோய் வருவதும் ஒன்றல்ல என்பதைச் சொல்ல வேண்டும். 1999-இல் அமெரிக்காவின் லரேடோ நகரையும், ஆற்றுக்கு அப்பால் மெக்சிகோவிலுள்ள நுவேவோ லரேடோவையும் ஒப்பிட்டபோது, ஏடிஸ் கொசு லரேடோவில்தான் அதிகமாக இருந்தது. ஆனால் அண்மையில் டெங்கு தொற்றியதற்கான அடையாளம் மெக்சிகோ பக்கத்தில் நூற்றுக்கு 16 பேரிடமும், அமெரிக்கப் பக்கத்தில் ஏறத்தாழ ஒருவரிடமுமே காணப்பட்டது. கதவு ஜன்னல்களை அடைத்து ஏ.சி.யில் வாழ்ந்தவர்களைக் கொசு நெருங்க முடியவில்லை. நம் கடற்கரையில் காற்றுக்காக எல்லாவற்றையும் திறந்துதான் வைப்போம். இயன்றால் ஜன்னல்களுக்கு வலை அடியுங்கள்.

ஏடிஸ் பகலில், குறிப்பாகக் காலையிலும் அந்திக்கு முன்பும் கடிக்கிறது. மற்ற நேரங்களில் கட்டிலுக்கு அடியிலும், கொடியில் தொங்கும் துணிகளுக்கு இடையிலும் மறைந்திருக்கும். கடலுக்குப் போகிறவரைவிட, பகல் முழுதும் வீட்டில் இருக்கும் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் வீட்டுக் கொசுவிடம் அதிகம் கடிபடுவதற்கு இதுவே காரணம். அந்தக் கொசுவுக்கு டெங்கு கிருமியைக் கொடுப்பவர் மனிதரே. காய்ச்சல் தொடங்குவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்து, தொடங்கிய ஐந்தாறு நாள் வரை ஒருவர் ரத்தத்தில் கிருமி இருக்கும். அவரைக் கடித்த கொசு எட்டு முதல் பன்னிரண்டு நாள் கழிந்தபின் தன் ஆயுள் முடியும் வரை நோயைப் பரப்பும். தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறி தெரியாமலேயே போகும். பக்கத்துத் தெருவில் யாருக்கும் காய்ச்சல் இல்லை என்பதால் அங்கே கிருமி நுழையவில்லை என்று சொல்ல முடியாது. கல்யாணத்துக்கு வந்து இரண்டு நாள் தங்கிய விருந்தினரும், நன்றாக நடமாடியபடியே அதைக் கொண்டுவந்திருக்கலாம்.

மாமியாரிடம் நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள். ஊற்றப்படும் மருந்து டெமிஃபாஸ். அபேட் என்று அழைப்பார்கள். ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கு மிகாமல் குடிநீரில் கலக்க உலக சுகாதார நிறுவனம் அனுமதித்திருக்கிறது. வாடை பிடிக்காவிட்டால் குடிநீரைச் சிறு பாத்திரத்தில் இறுக மூடித் தனியாக வைத்துக்கொண்டு, புழங்கும் தண்ணீருக்கு மட்டும் மருந்து விடச் சொல்லலாம். சிமெண்ட் தொட்டியில் கப்பி மீன் விட்டாலும் புழுக்களைத் தின்றுவிடும். புகை அடிப்பது பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். புழுக்கள் அப்படியே இருக்கும்.

ஏடிஸ் பெரும்பாலும் நூறு, இருநூறு மீட்டருக்குள்ளேயே சுற்றுவதால், உங்கள் வீட்டைப் போலவே அண்டை வீடுகளும் கரையும் முக்கியம். மழைக்குப் பின் கரையில் ஏற்றிய ஃபைபர் படகின் அடித்தளத்திலும், படகில் கட்டும் பழைய டயரிலும், உடைந்த தெர்மாகோல் பெட்டியிலும், வலையை மூடிய தார்பாயின் குழிவிலும் தேங்கும் நீரை உங்கள் கணவரும் சக தொழிலாளர்களும் வாரம் ஒருநாள் கொட்டினால், பெண்கள் வீட்டில் படும் பாடு வீணாகாது.

டெங்கு கிருமியில் நான்கு வகைகள் உண்டு. மூத்தவளுக்கு வந்த வகை மறுபடி வராது. மற்ற மூன்றில் ஒன்று வரலாம். இரண்டாம் முறை கடுமையாகும் வாய்ப்பு அதிகம் என்பதால், அவளுக்குக் காய்ச்சல் கண்டால் முன்பு டெங்கு வந்ததை மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். சின்னவளுக்கும் ஆபத்து உண்டு; அதற்காகப் பதற வேண்டாம். காய்ச்சல் வந்தால் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள், கஞ்சியும் இளநீரும் அடிக்கடி கொடுங்கள், எடைக்கேற்ற பாராசிட்டமால் தவிர ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் போன்றவற்றைத் தராதீர்கள். நிலவேம்புக் குடிநீர் கொடுத்தாலும் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. காய்ச்சல் இறங்கும் நாட்களில்தான் கண்காணிப்பு அதிகம் தேவை: கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தக் கசிவு, சோர்ந்து கிடத்தல், நான்கு முதல் ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், இரவு என்று பாராமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.