சூலூர் வானத்தைப் பார்த்து லேசிக்குக்கு நாள் குறிக்காதீர்கள்

"பாப்பாவுக்குப் பவர் மைனஸ் இரண்டேமுக்காலுங்க. பிளஸ் டூ முடிஞ்சதும் லேசிக் பண்ணிட்டா ஏர்ஃபோர்ஸ் பைலட் ஆகிடலாம்னு அவ தாய்மாமன் சொல்றாருங்க." கிணத்துக்கடவிலிருந்து வந்த ஓர் அப்பாவின் கவலை இது. சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து தேஜஸ் போர் விமானம் பறக்கிற சீமையில் இந்த ஆசை வராமல் இருக்காது.

ஆனாலும் லேசரால் கண் பவரைச் சரிசெய்யும் இந்த லேசிக் ஆபரேஷன் இப்போது வேண்டாங்க. பதினேழு வயதில் பவர் இன்னும் ஏறலாம். 20 வயதுக்கு முன் செய்த லேசிக்கை விமானப்படை ஏற்பதும் இல்லை.

தோட்டத்தை விற்றுத் தனியார் விமானக் கம்பெனி பைலட்டுக்குப் படிக்க வைப்பது மாமாவின் அடுத்த யோசனை. கண்ணாடி போட்டவர்களும் அதற்குப் போகலாம், சரி. ஆனால் 200 மணி நேரம் பறந்து லைசென்ஸ் எடுப்பதற்குள் ஐம்பது லட்சத்துக்கு மேல் போய்விடும். அதன் பிறகும் வேலைக்கு உத்தரவாதம் கிடையாது. பிள்ளை கேட்காத படிப்புக்காக ஒரு சென்ட் நிலத்தைக்கூட விற்காதீர்கள்.

ஆமாம், அவள் கேட்கவே இல்லை. தனியாகப் பேசியபோது அவள் கேட்டது இதுதான்: "சர்வீஸ்ல இருக்கற பைலட்டுக்குக் கண்ணாடி வந்துட்டா, ஹெல்மெட்டுக்குள்ள எப்படிங்க போடுவாங்க?"

அருமையான கேள்வி. ஹெல்மெட்டின் காது மெத்தை கண்ணாடிக் காம்பை நெற்றிப்பொட்டில் அழுத்தும், மணிக்கணக்கில் வலிக்கும். அதனால் வளைவில்லாமல் நேராக, மெல்லியதாக, மெத்தைக்கு அடியில் நழுவி நுழையும் காம்பு வேண்டும். ஃபிரேம் பெரிதானால் ஆக்சிஜன் மாஸ்க்கில் இடிக்கும். போலரைஸ்டு லென்ஸ் போட்டால் சில திரைகள் கறுத்துத் தெரியும். இரவில் பார்க்கும் கருவி கண்ணுக்கு மிக அருகில் வருவதால் கண்ணாடிக்கு இடம் குறைவு. நாற்பதைத் தாண்டியவருக்கு வெள்ளெழுத்து வேறு: படிக்கும் பவர் லென்ஸின் கீழ்ப்பக்கம் இருக்கும், ஸ்விட்சுகளோ தலைக்கு மேலே. அதற்காகவே மேலும் கீழும் கிட்டத்தில் பார்ப்பதற்கான பகுதி வைத்த லென்ஸ் உண்டு.

இப்படிக் கண்ணையும் லென்ஸையும் வேலையையும் பொருத்திப் பார்க்கும் படிப்புதான் பி.ஆப்டம், அதாவது ஆப்டோமெட்ரி பட்டப்படிப்பு. கண்ணாடிக் கடைப் படிப்பு என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நான்கு வருடம், கடைசி வருடம் ஆஸ்பத்திரியில் பயிற்சி. பவர் பார்ப்பது, கான்டாக்ட் லென்ஸ் பொருத்துவது, குழந்தைகளின் சோம்பல் கண்ணுக்கு (பார்வை மந்தமான கண்ணுக்கு) பயிற்சி தருவது எல்லாம் இதில் வரும். 1985 முதல் சென்னையில் எலீட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி இதைச் சொல்லித்தருகிறது. ஆப்டோமெட்ரியும் மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கான 2021-ஆம் வருட மத்தியச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது.

கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். கடைசி வருடப் பயிற்சி எந்தக் கண் ஆஸ்பத்திரியில், மாணவர்கள் நோயாளிகளை நேரடியாகப் பரிசோதிக்கிறார்களா, இந்த இரண்டையும் கேளுங்கள். கேட்கும்போது பாப்பாவும் கூட இருக்கட்டும். மாமா வேண்டாம்.