வீட்டில் செய்து விற்கும் உணவுக்கு அரசு உரிமம் எதற்கு?

வாசகர் கேள்வி: வீட்டிலேயே ரொட்டி, பழ ஜாம், எண்ணெயில் ஊறவைத்த பூண்டு, காய்ச்சாத பாலில் மென்மையான பாலாடைக்கட்டி செய்து அக்கம்பக்கத்தாருக்கும் வாரச் சந்தையிலும் விற்கிறேன். இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. உணவு ஆய்வாளர் வந்து, தனிச் சமையலறையும் உரிமமும் இல்லாமல் எதையும் விற்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். "செய்கிறவரும் வாங்குகிறவரும் ஒத்துக்கொண்டால் அரசுக்கு இதில் என்ன வேலை? இது உணவுச் சுதந்திரம்" என்கிறார் நண்பர். யார் சொல்வது சரி? நான் என்ன செய்யட்டும்?

பதில்: ரொட்டி, ஜாம் விஷயத்தில் நான் உங்கள் நண்பர் கட்சி. பூண்டு, பாலாடைக்கட்டி விஷயத்தில் ஆய்வாளர் கட்சி. நாலையும் ஒரே மூட்டையாகக் கட்டி, ஒருவர் "எல்லாம் கூடாது" என்கிறார், இன்னொருவர் "எல்லாம் என் இஷ்டம்" என்கிறார். அங்கேதான் பேச்சு முட்டிக்கொண்டு நிற்கிறது.

முதலில் நண்பரின் வாதம். அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. தெரிந்தவருக்கு விற்கும்போது கலப்படம் செய்ய மனம் வராது. செய்தால் மறுநாள் முகத்தில் விழிக்க முடியாது. எடையில் ஏமாற்றினாலோ பழைய சரக்கைத் தள்ளினாலோ அடுத்த வாரம் வாங்க ஆள் வராது. இந்த அளவுக்கு எந்த ஆய்வாளராலும் கண்காணிக்க முடியாது. ஆனால் இது வேலை செய்வதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: தப்பு நடந்தால் அது வாங்கியவருக்குத் தெரியவேண்டும், உங்களால்தான் என்றும் தெரியவேண்டும்.

கிருமி விஷயத்தில் அந்த நிபந்தனை நிறைவேறுவதில்லை. லிஸ்டீரியா என்ற பாக்டீரியா உடலுக்குள் போய் நோயாக வெளிப்பட 70 நாள் வரைகூட ஆகலாம். இரண்டு மாதத்துக்கு முன்னால் தின்ற பாலாடைக்கட்டியை யார் நினைத்துப் பார்ப்பார்கள்? "இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை" என்கிறீர்கள். ஆகியிருந்தால் உங்கள் காதுக்கு வந்திருக்கும் என்று நான் உறுதியாகச் சொல்லமாட்டேன். இன்னொன்று, ஒத்துக்கொண்டு வாங்கியவர் வேறு, சாப்பிடுகிறவர் வேறு. அவர் வீட்டுக் குழந்தையும், விருந்துக்கு வந்த கர்ப்பிணியும் உங்களோடு எந்த உடன்பாடும் செய்துகொள்ளவில்லை.

நல்ல மனசு மட்டும் போதாது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. 2015 ஏப்ரலில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் லங்காஸ்டர் என்ற ஊரில், ஒரு தேவாலயத்தைச் சேர்ந்தவர்கள் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து கூடிச் சாப்பிட்டார்கள். அதில் ஒரு உருளைக்கிழங்கு சாலட். கிழங்கு வீட்டிலேயே ஜாடியில் அடைத்துப் பதப்படுத்தியது. அழுத்தத்தில் வேகவைக்காமல் வெறும் கொதிநீரில் வைத்து எடுத்தது. 29 பேருக்கு பொட்டுலிசம் என்ற உணவு நஞ்சு நோய் வந்தது, ஒருவர் இறந்துபோனார். அங்கே வியாபாரமும் இல்லை, லாப ஆசையும் இல்லை, எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள்தான்.

என்ன நடந்தது என்று பார்த்தால் உங்கள் பூண்டு ஜாடியும் புரிந்துவிடும். கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் மண்ணில் வாழும் பாக்டீரியா. நிலைமை சரியில்லாதபோது அது விதைபோல உறைந்து கிடக்கும். அந்த நிலையில் 100 டிகிரியில் கொதிக்கவைத்தாலும் சாகாது. 121 டிகிரி வேண்டும், அதற்கு அழுத்தம் வேண்டும். காற்று இல்லாத, ஈரமான, புளிப்பு குறைந்த இடமும் அறை வெப்பமும் கிடைத்தால் முளைத்து நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு நரம்புகளைச் செயலிழக்கச் செய்து மூச்சை நிறுத்தக்கூடியது. ஜாடியைத் திறந்து முகர்ந்தாலும் நாக்கில் வைத்தாலும் தெரியவேண்டும் என்று கட்டாயமில்லை.

பூண்டு மண்ணுக்குள் விளைவது. புளிப்பு குறைவு. அதன்மேல் எண்ணெய் ஊற்றினால் காற்றும் உள்ளே போகாது. அறை வெப்பத்தில் அலமாரியில் வைத்தால் அந்தக் கிருமிக்கு இதைவிட வசதியான வீடு கிடைக்காது. 1985-ல் கனடாவின் வான்கூவரில் ஒரு உணவகத்தில் சாப்பிட்ட 30-க்கும் மேற்பட்டவர்களுக்கு பொட்டுலிசம் வந்தது. காரணம், குளிரில் வைக்காமல் விட்ட, எண்ணெயில் போட்ட பூண்டு. அது வீட்டுத் தயாரிப்பு அல்ல, புட்டியில் அடைத்துக் கடைக்கு வந்த சரக்கு என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். வீடா தொழிற்சாலையா என்று கிருமி கேட்பதில்லை. புளிப்பு எவ்வளவு, ஈரம் எவ்வளவு, சூடு எவ்வளவு என்றுதான் பார்க்கிறது.

ஆகவே பூண்டைப் புதிதாகச் செய்து, குளிர்பெட்டியிலேயே வைத்து, சில நாளுக்குள் தீர்த்துவிடுவது உங்கள் வீட்டுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்பதாக இருந்தால் முதலில் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து, உள்வரை புளிப்பு ஏறிய பிறகு எண்ணெயில் போடும் முறைகள் இருக்கின்றன. பரிசோதிக்கப்பட்ட செய்முறையை அப்படியே பின்பற்றுங்கள், அளவை மாற்றாதீர்கள்.

புளிப்பை அளப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பலர் தவறுவது இங்கேதான். எல்லைக்கோடு பிஎச் 4.6 (பிஎச் என்பது புளிப்பை அளக்கும் எண், எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்). அதற்குக் கீழே பொட்டுலினம் முளைக்காது. ஆனால் 4.6-ஐ ஒட்டி நிற்காதீர்கள், 4.2 அல்லது அதற்கும் கீழே வையுங்கள். நிறம் மாறும் தாளை வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்ய முடியாது. அது ஏறத்தாழத்தான் காட்டும். ஒரு டிஜிட்டல் பிஎச் மீட்டர் வாங்கி, ஒவ்வொரு முறையும் 4, 7 என்ற இரண்டு நிலைக் கரைசல்களில் சரிபார்த்துவிட்டு அளக்கவேண்டும். ஜாடியில் மேலாக நிற்கும் திரவத்தை மட்டும் அளந்துவிட்டு நிம்மதியாகப் போய்விடக்கூடாது. திரவம் புளித்திருக்கும், துண்டின் நடுப்பகுதி புளிக்காமலே இருக்கும். ஒரு நாள் ஊறியபின் துண்டுகளைத் திரவத்தோடு சேர்த்து அரைத்து, அந்த விழுதை அளந்து, தேதியோடு நோட்டில் எழுதுங்கள். தக்காளியும் ஏமாற்றும்: 4.6-க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கும், அதனால் எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலமோ சேர்க்காமல் அதை ஜாடியில் அடைக்கக்கூடாது.

பாலாடைக்கட்டிக்கு வருவோம். லிஸ்டீரியா குளிர்பெட்டியிலும் வளரும் என்பதுதான் அதன் விசேஷம். ஈரமான மென்மையான கட்டி அதற்குப் பிடித்த இடம். கர்ப்பிணிகளுக்கு அது கருச்சிதைவில் முடியலாம். காய்ச்சாத பாலில் செய்த கட்டியை அமெரிக்காவில் விற்கவேண்டுமானால் குறைந்தது 60 நாள் முதிரவைக்கவேண்டும். மென்மையான வகை அவ்வளவு நாள் தாங்காது. பிரான்சிலோ காய்ச்சாத பாலில் செய்த மென்மையான கட்டி சட்டப்படியே விற்பனையாகிறது, ஆனால் பாலையும் கட்டியையும் ஓயாமல் பரிசோதித்துக்கொண்டே இருக்கிறார்கள். அந்தப் பரிசோதனைச் செலவைச் சந்தை வியாபாரத்தில் உங்களால் தாங்க முடியுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். தாங்காது என்றால் பாலை 63 டிகிரியில் 30 நிமிடம் வைத்து எடுத்துவிட்டு அப்புறம் உறையவிடுங்கள். சுவை கொஞ்சம் மாறும், மறுக்கவில்லை. சூடாக்கிய பிறகும் கையாலும் பாத்திரத்தாலும் கிருமி திரும்ப ஏறலாம் என்பதால், இந்த ஒரு பொருளுக்கு மட்டும் ஆய்வாளர் கேட்கும் தனி இடம் நியாயமானது.

ரொட்டிக்குத் தனிச் சமையலறை கேட்பதற்கு மட்டும் எனக்குக் காரணம் தெரியவில்லை. அடுப்பில் வெந்து, உள்ளே ஈரம் குறைந்து வெளியே வரும் சாதாரண ரொட்டியில் நோய்க்கிருமி வளர்வது அரிது. கெட்டால் பூஞ்சை பிடித்துக் கண்ணுக்கே தெரியும். (கிரீம், இறைச்சி வைத்துச் செய்தால் கதை வேறு.) வழக்கமான சர்க்கரை அளவோடு செய்த பழ ஜாமும் அப்படித்தான். சர்க்கரையைக் குறைத்துச் செய்தால் குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். இவற்றில் உண்மையான ஆபத்து ஒவ்வாமை: கோதுமை, பால், முட்டை, எள், கொட்டைப் பருப்பு எது சேர்ந்திருந்தாலும் லேபிளில் பெரிதாக எழுதவேண்டும்.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. பல விதிகள் கட்டடத்தைப் பார்க்கின்றன, செய்முறையைப் பார்ப்பதில்லை. சுவரில் ஓடு பதித்தால் கிருமி சாகாது. பாத்திரம் கழுவ மூன்று தொட்டி, எஃகு மேசை என்று கேட்கும் செலவு பத்து கிலோ செய்கிறவருக்கும் பத்து டன் செய்கிறவருக்கும் ஒன்றுதான், ஆகவே அது சிறியவரைத்தான் வெளியே தள்ளும். பெரிய இடம், சான்றிதழ் எல்லாம் இருந்தால் பாதுகாப்பு என்றும் இல்லை. 2008-09-ல் அமெரிக்காவில் பீனட் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற நிறுவனத்தின் நிலக்கடலைப் பொருள்களால் சால்மொனெல்லா என்ற பாக்டீரியா பரவி 714 பேர் நோயுற்றதாகப் பதிவானது, 9 பேர் இறந்தார்கள். அந்த ஆலைக்குத் தணிக்கையில் நல்ல மதிப்பெண் கிடைத்திருந்தது. ஆனால் அளவு பெரிதானால் ஒரு தப்பு எத்தனை ஊருக்குப் போகும் என்பதும் அதே கதையில்தான் இருக்கிறது. அதனால்தான் விற்பனை தூரம் கூடக்கூட விதி இறுகவேண்டும் என்கிறேன்.

சட்டங்களும் மெல்ல இந்தப் பக்கம்தான் நகர்கின்றன. அமெரிக்காவில் வயோமிங் மாநிலம் 2015-ல் உணவுச் சுதந்திரச் சட்டம் கொண்டுவந்தது: செய்தவர் நேரடியாக, உரிமமோ ஆய்வோ இல்லை என்று தெரிந்தே வாங்குகிறவருக்கு, வீட்டில் சாப்பிடுவதற்காக விற்றால் உரிமம் வேண்டாம். மெய்ன் மாநிலத்தில் செட்ஜ்விக் என்ற ஊர் 2011-லேயே இப்படித் தானாகத் தீர்மானம் போட்டது. மாநிலமே 2017-ல் ஊர்களுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தபோது, மத்திய வேளாண் துறை இறைச்சி ஆய்வில் கைவைக்கிறீர்கள் என்று எச்சரித்தது. சில மாதத்திலேயே இறைச்சியையும் கோழியையும் விலக்கிச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதியே, விளைவித்தவர் சிறிய அளவில் நேரடியாகக் கொடுக்கும் விளைபொருளுக்குப் பொருந்தாது. அதை அந்தந்த நாடு தன் விதியால் கவனித்துக்கொள்ளவேண்டும்.

நண்பர் சொல்லாமல் விட்ட ஒன்று: இப்படிப்பட்ட சட்டங்கள் நீக்குவது உரிமத்தை, பொறுப்பை அல்ல. உங்கள் ஜாடியால் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனால் வழக்கு உங்கள்மேல்தான். காப்பீடு எடுக்கும்போது வீட்டில் செய்து விற்பதை மறைக்காமல் சொல்லுங்கள், மறைத்தால் பாலிசி உதவாது.

இப்போது ஆய்வாளரிடம் என்ன பேசுவது. சண்டைக்குப் போகாதீர்கள். நாலு பொருளுக்கும் தனித்தனியாக எந்தப் பிரிவின்கீழ் உரிமம் கேட்கிறார், நேரடி விற்பனைக்கு அல்லது வீட்டுத் தயாரிப்புக்கு விலக்கு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். பல இடங்களில் ரொட்டிக்கும் ஜாமுக்கும் பதிவு மட்டும் போதும், வாய்மொழியாக "கூடாது" என்றவர் காகிதத்தில் எழுதும்போது பிரித்து எழுதுவார். பதில் வரும்வரை பூண்டையும் பாலாடைக்கட்டியையும் நிறுத்தி வையுங்கள். போகும்போது பிஎச் நோட்டையும், எந்தத் தேதியில் எவ்வளவு செய்தீர்கள் என்ற பதிவையும் கையில் கொண்டுபோங்கள். வயிற்றுப்போக்கு இருக்கும் நாளில் அடுப்பங்கரைக்குள் போவதில்லை என்பதையும் அதிலேயே ஒரு வரி எழுதிவையுங்கள். ஒவ்வொரு தடவை செய்ததிலும் ஒரு ஜாடியைத் தேதி ஒட்டித் தனியே வைத்திருங்கள், புகார் வந்தால் பரிசோதிக்க அதுதான் இருக்கும்.

சந்தையில் வாங்கிய யாராவது தன் கடையில் வைத்து விற்கிறேன் என்று கேட்டால் உடனே சரி சொல்லிவிடாதீர்கள். நேரடி விற்பனைக்குக் கிடைக்கும் விலக்கு பெரும்பாலும் நடுவில் இன்னொருவர் வந்தாலே போய்விடும், தபாலில் வெளியூருக்கு அனுப்பினாலும் அப்படித்தான். அந்த நிலை வந்தால் ரொட்டிக்கும் ஜாமுக்கும்கூட உரிமத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.