மாங்காய் நுனி கறுக்கிறதா? மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள்

கேள்வி: ஆந்திராவில் நகரி பக்கம் பெங்களூரா மாந்தோப்பு வைத்திருக்கிறேன். எல்லைக்கு அந்தண்டை, தமிழ்நாட்டில், செங்கல் சூளை. இரண்டு வருடமாகப் பிஞ்சு நுனி கறுத்து உதிர்கிறது. பூஞ்சைக்கொல்லி அடித்தும் கேட்கவில்லை.

பதில்: கேட்காது ஐயா. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது பூஞ்சையே இல்லை, சூளைப் புகை. அதிலுள்ள கந்தக டை ஆக்சைடும் எத்திலீனும் பிஞ்சு நுனியைத் தாக்கும். நுனி முதலில் வெளுத்து மஞ்சளாகும், அப்புறம் பழுப்பாகி, கறுத்துக் கெட்டியாகிவிடும். காம்புப் பக்கம் பச்சையாகவே இருக்கும். பூஞ்சை நோய் என்றால் புள்ளி காய் முழுக்கச் சிதறியிருக்கும், இலையிலும் தெரியும். இதைப் பார்க்காமலே டப்பா டப்பாவாக விற்கிற கடைக்காரரை நம்பாதீர்கள்.

வெங்காரம் என்கிற போராக்ஸ் போதும். லிட்டருக்கு 6 கிராம். பூக்கும் முன், பூவில், காய் பிடித்ததும் என மூன்று முறை தெளியுங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். மண்ணில் போரான் சத்து குறைந்தாலும் காயின் கீழ்ப்பக்கம் கறுக்கும், அதற்கும் போராக்ஸ்தான் மருந்து. ஆகவே தெளித்துக் குணமானால் புகைதான் காரணம் என்று நிரூபணம் ஆகாது. சூளைக்காரர் அதைத்தான் பிடித்துக்கொள்வார். தெளிக்கும் முன்பே மண், இலை இரண்டையும் பரிசோதியுங்கள். சூளைப் பக்க மரங்களில் மட்டும் அதிகமா, தோப்பு முழுக்க ஒரே மாதிரியா என்று வரிசை வரிசையாகக் குறித்து, தேதியோடு படம் எடுங்கள்.

சூளைக்காரரின் தரகர் வருவார். நாலு காசு நீட்டி, 'ஆட்சேபனை இல்லை' என்று கையெழுத்துக் கேட்பார். போடவே போடாதீர்கள்! அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் அடுத்த சூளைக்கும் அனுமதி வாங்குவார்கள். 2022 மத்திய அரசு விதிப்படி புதிய சூளை பழத்தோட்டத்திலிருந்து 800 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். அந்தச் சூளை எப்போது வந்தது என்று விசாரியுங்கள்.

புகார் கொடுத்தால் ஆந்திர மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தமிழ்நாட்டு வாரியத்தைக் கைகாட்டும், அவர்கள் ஆந்திராவைக் கைகாட்டுவார்கள். அதற்குள் காய் அறுவடையே முடிந்துவிடும். செக், போலந்து, கிழக்கு ஜெர்மனி எல்லை மலைகளில் ஒரு நாட்டு நிலக்கரிப் புகை அடுத்த நாட்டு ஊசியிலைக் காட்டையும் சேர்த்துத்தான் அழித்தது. காற்று எல்லை பார்க்காது என்பது நம் அலுவலகங்களுக்கு இன்னும் உறைக்கவில்லை. இரண்டு வாரியத்துக்கும் பதிவுத் தபாலில் மனு அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அசையவில்லையா, சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கிற, சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போங்கள். இரண்டு மாநிலமும் அதன் வரம்பில்தான். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். பிரச்சினை தொடங்கிய 6 மாதத்துக்குள் போக வேண்டும் என்பதால், உங்கள் இரண்டு வருடக் கணக்கை வழக்கறிஞரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.