போலோவை 40 மி.மீ. இறக்கலாமா?

தினமும் 50 கி.மீ. ஓடும் ஃபோக்ஸ்வாகன் போலோ கார், பின் சீட்டில் அப்பா அம்மா, வண்டியின் உயரத்தை 40 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங் போட்டால் தூக்கிப் போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடும். 25, மிஞ்சினால் 30 மி.மீ.யோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எல்லாரும் ஸ்பிரிங் இறுக்கத்தைத்தான் குறை சொல்வார்கள். பாதிக் குற்றவாளி பம்ப் ஸ்டாப், அதாவது சஸ்பென்ஷன் ஓர் அளவுக்கு மேல் அமுங்காமல் தடுக்கும் ரப்பர் கட்டை. வண்டி இறங்கினால் சஸ்பென்ஷன் அமுங்க மிச்சமிருக்கும் தூரம் குறையும்; பின்னால் இருவர் உட்கார்ந்ததும் சின்னப் பள்ளத்துக்கே ‘டொங்’ என்று ரப்பரில் முட்டும். அதனால் பம்ப் ஸ்டாப்பை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று ஸ்பிரிங் கம்பெனியே சொல்லும் செட்டாக வாங்குங்கள். ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் அகலமாகவும் சுருண்ட புரோகிரசிவ் வகை நல்லது. பழைய ஷாக் அப்சார்பர் களைத்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் படகு மாதிரி ஆடும்.

அப்புறம், லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க் கை) ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய நிலையில்தான் கடைசியாக இறுக்க வேண்டும். என் வண்டிக்கு லிஃப்டில் தொங்கவிட்டே இறுக்கிவிட்டார்கள். சில மாதத்தில் புஷ் கிழிந்தது. வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள். பழைய ஸ்பிரிங்கை வெட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.